பசை மேசையும் பூனையும்: கம்பெனிக்குள்ள புது யோசனை எங்கே சிக்குது?

[காட்சி: ஆம்பூர் பக்கம், காலை ஷிஃப்டுக்கு ஆள் இறக்குற கம்பெனி பஸ்கள்]

இந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில மூணு வருஷம் வேலை பார்த்தேன். அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தைக்கிற லைன். பசை தடவுற மேசை அந்தக் கோடியில கிடக்கும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போகணும். "இதை நடுவுல போட்டா என்ன சார்?"ன்னு எங்க லைன் அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. "இன்னிக்கு டார்கெட் முடியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்." டார்கெட் தினமும் இருக்கும். அப்புறம் எங்கிருந்து வரும்? சுவத்துல ஆலோசனைப் பெட்டி ஒண்ணு தொங்குச்சு. அதோட சாவி யார்கிட்டன்னு கடைசி வரைக்கும் தெரியலை.

ஜேம்ஸ் மார்ச்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1991ல இதுக்குக் காரணம் சொன்னார். தெரிஞ்ச வேலையோட பலன் சீக்கிரம் வரும், நிச்சயமா வரும். புதுசா தேடுனா எப்போ வரும்னு தெரியாது, வராமலும் போகலாம். அதனால பழகின வேலை தேடலை ஓரங்கட்டிடும். எங்க சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. மேல இருந்து அவர்கிட்ட கேட்டது ஜோடிக் கணக்கு மட்டும்தான்.

[காட்சி: வேலூர், பாகாயம் ரோடு]

ஆனா இதே வட ஆற்காட்டுல வேற மாதிரியும் நடந்திருக்கு. 1946ல வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவரா பால் பிராண்ட் வர்றார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில ஒருத்தர் கையைப் பிடிச்சுப் பார்க்கிறார். விரல் மடங்கிக் கிடக்கு, ஆனா பிடி இரும்பு மாதிரி. அப்போ சில தசை நல்லாத்தான் இருக்கு! நல்ல தசையோட நாணை (தசையை எலும்போட சேர்க்கிற நார்) விரலுக்கு மாத்திக் கட்டினா? 1948ல வேலூர்ல அந்த அறுவை நடந்தது.

தடை என்ன தெரியுமா? தொழுநோயாளிக்குப் படுக்கை கொடுத்தா மத்த நோயாளிங்க ஓடிடுவாங்கங்கிற பயம். உதவினது, கல்லூரித் தலைமையில இருந்த ராபர்ட் காக்ரேனே தொழுநோய் மருத்துவரா இருந்ததுதான். மேல இருக்கிறவருக்கே விஷயம் புரிஞ்சா பாதி வழி திறந்த மாதிரி.

எனக்குப் பிடிச்சது இதுக்கப்புறம் நடந்ததுதான். கை சரியாகியும் வெளியில யாரும் வேலை கொடுக்கலை. அதனால கல்லூரி வளாகத்துலேயே குடிசைங்க போட்டு, தச்சு வேலை மாதிரி தொழில் சொல்லிக்கொடுத்தாங்க. அதுக்குப் பேர் நவஜீவ நிலையம். அங்கேயே தங்கினதால ஒவ்வொரு புண்ணையும் "இது எப்படி வந்தது?"ன்னு தேட முடிஞ்சது. சதை தானா அழுகிக் கொட்டுதுன்னுதான் அதுவரை ஊரெல்லாம் நம்பினாங்க. பார்த்தா, உணர்ச்சி இல்லாத கை சுடுற பாத்திரத்தை அப்படியே தூக்குது. சிலருக்கு ராத்திரியில விரல் நுனி காணாமப் போகுது. காவல் இருந்து பார்த்தாங்க: எலி! வலி இல்லாததால தூக்கம் கலையலை.

வைத்தியம்? ஆளுக்கொரு பூனை.

இதுக்குக் கமிட்டி எதுவும் வேண்டியிருக்கலை. முடிவெடுக்கிறவர் கண்ணு முன்னாடியே புண்ணு இருந்தது.

[காட்சி: பாலாறு, மணல் வெளி]

இப்போ டேனரிக்கு, அதாவது தோல் பதனிடுற ஆலைக்கு, வருவோம். இங்கே நிலைமை நேரெதிர். தோல் பதனிடப் போடுற குரோம் கலந்த கழிவுத் தண்ணி போறது கீழே இருக்கிற கிணத்துக்கு. அவஸ்தை விவசாயிக்கு, முடிவு முதலாளிக்கு. ஒரு சின்ன டேனரி மட்டும் சுத்திகரிப்பு போட்டா செலவு அதுக்கு, பக்கத்து டேனரிக்கு லாபம். யார் முதல்ல போடுவா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லைன்னா மூடு. டேனரிப் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ வீணாச்சுன்னு அந்தத் தீர்ப்பே சொல்லுது.

தனியா முடியாத சின்ன டேனரிங்களுக்கு வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வழி கொடுத்தது. செலவைப் பங்கு போட்டதும் "நீ முதல்ல"ங்கிற தயக்கம் குறைஞ்சது. ஆனா ஆரம்பத்துல வந்த நிலையங்களால தண்ணியில கரைஞ்ச உப்பை எடுக்க முடியலை. அப்புறம் உப்பை வடிகட்டுற ஆர்.ஓ. வந்தது, ஆவியாக்குற கருவி வந்தது. மிஞ்சின உப்பை எங்கே கொட்டுறதுன்னு இன்னும் தலைவலி. ஒரு பிரச்சினையைத் தீர்த்தா இன்னொண்ணு பிறக்கும். அதுக்கும் சேர்த்து நேரமும் காசும் ஒதுக்குறவங்க குறைவு.

[காட்சி: மறுபடியும் தையல் லைன், மேசை]

அந்தப் பசை மேசையைச் சொல்லாம விட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு புது சூப்பர்வைசர் வந்தாங்க. தையல் லைன்லேயே உக்காந்து தைச்சு மேல வந்தவங்க. அக்கா திரும்பக் கேட்கவே வேண்டியிருக்கலை. டீ பிரேக்ல நாலு பேரைக் கூப்பிட்டு, "இதைப் பிடிங்க"ன்னாங்க.