நாவாட்ல் அறிஞர் சஹாகுன்: அரசர் பறிக்கச் சொன்ன புத்தகம்

[திரையில்: பழைய கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கம், இரண்டு பத்திகள்]

வணக்கம். இந்தப் பக்கம் மெக்சிகோவில் 1570களில் எழுதப்பட்டது. வலது பத்தியில் இருப்பது நாவாட்ல், அதாவது அஸ்டெக் மக்களின் மொழி. இடது பத்தியில் அதன் ஸ்பானிஷ் வடிவம். ஸ்பானிஷ் பெரும்பாலும் சுருக்கமாக முடிந்துவிடும். மிச்சமான இடத்தில்தான் இந்தப் படங்களை வரைந்திருக்கிறார்கள். இப்படியே 12 புத்தகங்கள், ஏறக்குறைய 2,500 படங்கள். இதை புளோரன்டைன் கோடெக்ஸ், அதாவது புளோரன்ஸ் கையெழுத்து நூல் என்கிறார்கள். பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற, பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி ஏறத்தாழ 30 ஆண்டுகள் இதற்காகவே உழைத்தார்.

ஸ்பெயினில் 1499 வாக்கில் பிறந்தவர். சலமான்காவில் படித்தார். 1529இல் மெக்சிகோவுக்குக் கப்பல் ஏறினார். அஸ்டெக் தலைநகரம் ஸ்பானியர்களிடம் விழுந்து அப்போது 8 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்புறம் சொந்த ஊர் திரும்பவே இல்லை.

ஏன் நாவாட்ல் கற்றார்? மதம் மாற்றத்தான். நோய் என்னவென்று தெரியாமல் மருத்துவர் மருந்து கொடுக்க முடியாது, அதுபோல மக்களின் பழைய வழிபாட்டை அறியாமல் பாதிரியார் வேலை செய்ய முடியாது என்று தன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். இதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் அந்த நோக்கத்தைத் தாண்டிப் போய்விட்டன. சந்தையில் என்ன விற்றார்கள், இறகு வேலை எப்படிச் செய்தார்கள், மருத்துவச்சி பிறந்த குழந்தையிடம் என்ன சொல்வாள்... எல்லாம் கேட்டார்.

[திரையில்: வரைபடம், டெபெயாபுல்கோ]

1558 வாக்கில் டெபெயாபுல்கோ என்ற ஊருக்குப் போகிறார். ஊர்த் தலைவரிடம் சொல்லி, விவரம் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பெரியவர்களை வரவழைக்கிறார். அவர் கேட்கக் கேட்க, அந்தப் பெரியவர்கள் தங்கள் வழக்கப்படி படங்களாகவே பதில் தருகிறார்கள். கூட இருந்த நாவா (நாவாட்ல் பேசும் மக்கள்) இளைஞர்கள் அந்தப் படங்களின் கீழே விளக்கத்தை நாவாட்லில், லத்தீன் எழுத்துகளில் எழுதுகிறார்கள். பிறகு மெக்சிகோ நகரத்தை ஒட்டிய ட்லாடெலோல்கோவுக்கு வந்து, வேறு பெரியவர்களை உட்கார வைத்து, எழுதியது சரியா என்று மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

அந்த இளைஞர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1536இல் ட்லாடெலோல்கோவில் நாவா பிரபுக்களின் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி திறந்தார்கள். சஹாகுன் அங்கே லத்தீன் கற்பித்தார். அங்கே படித்தவர்கள்தான் அந்தோணியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்டின் ஜகோபிட்டா, பெட்ரோ டி சான் புவெனவெந்தூரா. நாவாட்ல், ஸ்பானிஷ், லத்தீன் மூன்றும் கற்றவர்கள். வலேரியானோ பின்னாளில் மெக்சிகோ நகரப் பழங்குடி மக்களின் ஆளுநராகவே இருந்தார். இவர்கள் பெயர்களை சஹாகுனே எழுதி வைத்திருக்கிறார். அப்படியிருந்தும் அட்டையில் அவர் பெயரை மட்டும் போடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. சஹாகுன் பெரிய அறிஞர்தான், சந்தேகமில்லை. அதே அளவு அறிஞர்கள் இந்த நால்வரும்.

[திரையில்: 12ஆம் புத்தகம்]

12ஆம் புத்தகத்தைப் படித்தால் இது புரியும். ஸ்பானியப் படையெடுப்பை நாவா மக்களின் பார்வையில் சொல்கிறது அது. தங்கத்தைக் கண்டதும் ஸ்பானியர்கள் குரங்குகளைப் போலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், பன்றிகளைப் போல அதற்குப் பசித்துக் கிடந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. பெரியம்மை வந்தபோது படுத்தவர்கள் திரும்பிக்கூடப் படுக்க முடியாமல் கிடந்ததும் அதில் இருக்கிறது.

சரி, இவ்வளவு வேலையும் நிம்மதியாக நடந்ததா? இல்லை. 1570இல், எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சபையின் வறுமை விரதத்துக்கு எதிரானது என்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். சஹாகுனுக்கு அப்போது 70 வயது தாண்டிவிட்டது. கை நடுக்கத்தால் அவரால் எழுத முடியாது. கையெழுத்துப் பிரதிகளையும் மடம் மடமாகப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தன. ரோட்ரிகோ டி செகேரா என்ற மேலதிகாரி ஆதரவு தந்ததால் மீண்டும் வேலை தொடங்கியது.

உடனே 1576இல் கொள்ளைநோய். 1545இல் வந்த நோயின்போதே ட்லாடெலோல்கோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தவர் அவர். இப்போது மறுபடியும். 11ஆம் புத்தகத்தில் பக்கங்களைப் புரட்டினால் படங்களில் வண்ணம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வெறும் கறுப்புக் கோடுகளாகிவிடும். நோயால் வண்ணப்பொருள் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1577இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், அந்தப் பிரதிகள் அனைத்தையும் பறித்து அனுப்பும்படி ஆணையிட்டார். பழைய வழிபாட்டைப் பற்றி எந்த மொழியிலும் யாரும் எழுதக் கூடாது என்பது உத்தரவு. 1580இல் செகேரா ஒரு பிரதியை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார். அது இத்தாலியின் புளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்தின் கைக்குப் போய், இன்று அந்த நகரின் லாரென்சியன் நூலகத்தில் இருக்கிறது. சஹாகுன் 1590இல் மெக்சிகோவில் காலமானார்.

இந்தப் புத்தகம் முழுவதும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்கப் போகிறீர்கள் என்றால் 11ஆம் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பறவைகள், மீன்கள், பாம்புகள், மூலிகைகள் எல்லாம் அதில்தான். ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) குளிர்காலத்தில் மரத்தில் அலகைக் குத்தி அப்படியே தொங்கும், இடி இடித்து மழை வந்ததும் உயிர் பெறும் என்று எழுதியிருக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.