சட்டைப் பட்டன் அளவு

(கண்தான இருவார விழாவையொட்டித் தென்காசியில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் என் அன்பு.

நான் தையல்காரன். இதே ஊரில் 22 வருடமாக ஒரே கடை. காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்கு அடைப்பேன். நடுவில் ஒரு போன் வந்தால், தைத்துக்கொண்டிருக்கிற துணியை மிஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். கடை திறந்து கிடக்கும், ஆள் இருக்க மாட்டேன். துணி வாங்க வருகிறவர்களிடம் பக்கத்து டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்: “அண்ணாச்சி துட்டி வீட்டுக்குப் போயிருக்காவ.” யார் வீட்டுத் துட்டி என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. பல நாள் எனக்கும் தெரியாது. முன்பின் பார்த்திராத ஒருவர் இறந்திருப்பார். அவருடைய கண்களைக் கேட்கத்தான் போவேன்.

இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கண்தானத்தின் பெருமையெல்லாம் சுவரொட்டியிலேயே இருக்கிறது. அது ஒரு வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்பது சுவரொட்டியில் இருக்காது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். கேட்பதற்கு நிறைய நேரம் மாதிரித் தெரியும். நம் ஊரில் அது எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தாத்தா தூக்கத்திலேயே தவறிப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலரைக்கு எழுந்த ஆச்சி தொட்டுப் பார்த்து அலறுகிறாள். டாக்டர் வந்து நாடி பார்த்துச் சொல்ல ஐந்தே கால். எனக்குச் சேதி வர ஆறு. திருநெல்வேலி இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். கண் வங்கி வண்டி கிளம்பி வந்து சேர ஒன்றரை மணி நேரம். எடுக்கிறதுக்கும் நேரம் வேண்டும். கணக்குப் போட்டால், ஏழு மணிக்குள் அந்த வீட்டில் யாராவது ஒருவர் “சரி” என்று சொல்லியிருக்க வேண்டும். நாலரைக்குத்தான் ஆளே போனது தெரியும், ஏழு மணிக்குள் இந்த முடிவு. அந்தக் குடும்பத்திடம் நாங்கள் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

ஒரு துட்டிச் சேதி ஊரில் முதலில் யாருக்குத் தெரியும்? ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவருக்கு. அடுத்தது பந்தல்காரர். அதற்கடுத்தது பூக்கடை. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்புறம்தான். அதனால் டாக்டர்களைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் இவர்களிடம்தான் பழகினேன். ஐஸ் பெட்டிக்கார அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பெட்டியை வண்டியில் ஏற்றும்போதே எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவார். அவர் இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை, யாரும் அவருக்குச் சால்வை போட்டதில்லை. எங்கள் மூலம் போன கண்களில் பாதிக்கு மேல் அவருடைய மிஸ்டு காலில் தொடங்கியவை. அவரை நினைக்காமல் நான் இதைப் பேசினால் அது நன்றிகெட்ட பேச்சு.

துட்டி வீட்டுக்குப் போனதும் அழுகிறவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது. மனைவியிடமோ மகளிடமோ நேராகப் போய்க் கேட்பது பெரிய பாவம். வாசலில் ஒருவர் நிற்பார். நாற்காலி எங்கே இறக்குவது, யாருக்கெல்லாம் போன் பண்ணியாகிவிட்டது, எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அந்த வீட்டு மருமகன், இல்லையென்றால் மச்சினன். அவர்தான் என் ஆள். ஆனால் அவரிடமும் உடனே பேச மாட்டேன். செருப்பைத் தெருவில் விட்டுவிட்டு உள்ளே போய், கும்பிட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எழுந்து வந்து அவர் காதோரமாக, “ஃபேனை அணைச்சுரலாமா?” என்று கேட்பேன்.

அதுதான் முதல் வேலை. காற்றுப் பட்டால் கண் காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்து இமை மேல் வைத்து, தலைக்கு அடியில் தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். இதைச் செய்வதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். ஃபேனை ஏன் அணைக்க வேண்டும் என்று அவர் கேட்பார். அங்கேதான் பேச்சு தொடங்கும்.

“முகம் கெட்டுப்போகுமே அண்ணாச்சி.” பத்து வீட்டில் எட்டு வீட்டில் வருகிற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அப்போது நான் என் சட்டைப் பட்டனைத் தொட்டுக் காட்டுவேன்.

கண்ணை முழுசாக எடுத்து இன்னொருவருக்கு அப்படியே வைத்துவிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வைக்க எந்த டாக்டராலும் முடியாது. வாட்சுக்கு மேலே கண்ணாடி இருக்கிறதே, அந்த மாதிரி நம் கருவிழிக்கு முன்னால் ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்பார்கள். குறுக்களவு 11, 12 மில்லிமீட்டர். நான் ஆம்பளைச் சட்டைக்கு வைக்கிற பட்டனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தடிமன் அரை மில்லிமீட்டர். இன்னொருவருக்குப் போவது அது மட்டும்தான். பயிற்சி பெற்றவர் வருவார். வீட்டுப் பெண்கள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொள்வார்கள். இமைக்கு அடியில் கண்ணின் வடிவத்திலேயே ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடிவிடுவார்கள். அப்புறம் நீர்மாலை எடுப்பது, குளிப்பாட்டுவது, கோடி போடுவது எல்லாம் வழக்கம்போல நடக்கும். தூங்குகிற முகம் தூங்குகிற முகமாகவே இருக்கும். 14 வருடத்தில் “முகம் மாறிப்போச்சே” என்று ஒரு வீட்டிலும் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன், “இதை எப்படி சார் ஒட்டுவீங்க?” என்று. “ஒட்ட மாட்டோம், தைப்போம்” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூல். வட்டத்தைச் சுற்றிப் பெரும்பாலும் 16 தையல், ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. ஒரு பக்கம் கூட இழுத்துத் தைத்துவிட்டால் பார்வை கோணலாகிவிடுமாம். துணியிலும் அப்படித்தான், ஒரு பக்கம் இழுத்தால் சுருக்கம் விழும். துணிச் சுருக்கத்தை நான் பிரித்துத் தைத்துவிடலாம். அவர் தைப்பது ஒரு மனுஷனின் பார்வையில்.

அந்தப் பார்வை யாருக்குப் போகிறது? ஊருக்கு மேற்கே வயல் வேலைக்குப் போகிற ஒரு மதினியைச் சொல்கிறேன். அறுப்பு சமயத்தில் நெல் தாள் கண்ணில் கீறிவிட்டது. வீட்டில் இலைச்சாறு பிழிந்து விட்டார்கள், தாய்ப்பால் விட்டார்கள். எல்லாம் அன்பில் செய்ததுதான். ஆனால் கீறலில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகி, ஆறும்போது வெள்ளைத் தழும்பாக நின்றுவிட்டது. “கண்ணுல பூ விழுந்துட்டு” என்போமே, அதுதான். இன்னொரு கண்ணில் முதலிலிருந்தே பார்வை குறைவு. ஆறு வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் அவருக்கு அரிசி பார்த்துக் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து, கட்டெல்லாம் பிரித்து, கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். “என்ன மதினி, இப்போ எப்படித் தெரியுது?” என்றேன். முறத்தை என் பக்கம் நீட்டி, அரிசியில் கிடந்த ஒரு கல்லை விரலால் தொட்டுக் காட்டினார். பேசவில்லை. கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

யாருடைய கண் அது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கண் வங்கி சொல்லாது, சொல்லவும் கூடாது. கொடுத்தவர் வீட்டுக்கும் வாங்கியவர் வீட்டுக்கும் நடுவில் கடனோ காசோ எதுவும் வந்துவிடக் கூடாது. காசுக்கு வாங்குவதையும் விற்பதையும் 1994-ம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது.

மதினியின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவரும் ஞாபகம் வருவார். முதன்முதலில் இந்த ஆபரேஷன் ஒரு மனுஷனுக்குப் பலித்தது 1905-ல். இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஓலோமோட்ஸ் என்ற ஊரில், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தார். பார்வை பெற்றவர் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டுக் கண் போனவர். அங்கேயும் உழைக்கிற ஆளின் கண்தான். “இதெல்லாம் இப்போ வந்த நாகரிகம்” என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-லேயே வந்துவிட்டது, அதுவும் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில். அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது 1819-ல். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1961-ல் ஒரு கண்தானச் சங்கம் தொடங்கி, அந்தச் சின்னத் தீவிலிருந்து உலகத்தில் பல நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து ஊருக்குக் கொடுக்க நாம் தயங்க வேண்டுமா?

இன்னொரு கேள்வி, “அடுத்த பிறவியில் குருடாகப் பிறந்துவிட்டால்?” இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் ரொம்ப நாள் திணறினேன். ஒரு வீட்டில் இதே பேச்சு வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த மூத்த ஆச்சி ஒருத்தி சொன்னாள்: “காளத்தியில கண்ணப்பரு கண்ணக் குடுத்தாரே, அவரு குருடாவா பொறந்தாரு? கோயில்ல வச்சுல்லா கும்பிடுதோம். எடுங்கய்யா.” இறந்தவர் அவள் தம்பி. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை.

வயசு எதுவும் தடை இல்லை. கண்ணாடி போட்டிருக்கலாம், கண்புரை ஆபரேஷன் செய்திருக்கலாம், சர்க்கரை, பிரஷர் இருக்கலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., ரத்தப் புற்றுநோய் மாதிரிச் சிலவற்றில்தான் எடுக்க மாட்டார்கள். அதைக் கண் வங்கிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்களாக முடிவு பண்ண வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்கிற வீடுகளும் உண்டு. அங்கே நான் இன்னொரு முறை கேட்பதில்லை. ஆனால் உடனே கிளம்பி வந்துவிடவும் மாட்டேன். பந்தலுக்குக் கயிறு பிடிப்பேன், தண்ணீர்க் குடம் தூக்குவேன். கண்ணுக்காக மட்டும் வந்தவன் என்று அந்த வீடு நினைத்துவிடக் கூடாது. நடுராத்திரி வீடு திரும்பினால் கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரும், உடுத்த ஒரு கைலியும் இருக்கும். என் வீட்டுக்காரி 14 வருடமாக அதை ஒரு நாள்கூட மறந்ததில்லை. “எடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்பாள்.

இப்போது எனக்கு ஆறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் என் கடையில் உட்கார்ந்துதான் கண்தான உறுதிமொழிப் படிவம் நிரப்பினார். முத்து முத்தான கையெழுத்து. நான்தான் அட்டையை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் இறந்த அன்று நான் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த அன்று சாயங்காலம் அவருடைய மகன் கடைக்கு வந்தார். பீரோவில் பத்திரங்களுக்கு நடுவில் இருந்ததாம், லேமினேட் செய்த அந்த அட்டை. கட்டிங் டேபிள் மேல் வைத்துவிட்டு, “அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, தெரிஞ்சிருந்தா குடுத்திருப்போமே” என்று அழுதார். தவறு என்னுடையது. கையெழுத்து வாங்கிய நான் அந்த வீட்டில் வேறு ஒருத்தரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அட்டை இருந்தாலும், வீட்டார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கண்ணைத் தொடுவார்கள். அட்டையே இல்லாவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் விழா நடத்துகிறவர்கள் எத்தனை படிவம் கொண்டுவருவீர்கள் என்று கேட்டபோது, ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு இங்கே யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது, “எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா கண்ணக் குடுத்துருங்க” என்று சத்தமாகச் சொல்லுங்கள். “வாயைக் கழுவு” என்று திட்டுவார்கள். திட்டட்டும். காதில் விழுந்துவிட்டது அல்லவா, அது போதும். மருமகன் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. படிவத்தை அப்புறம் எல்லாரும் சேர்ந்து நிரப்பலாம், நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு போன். பேசியது ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். “மாமா, எங்க ஸ்கூலுக்கு வந்து பேசுனீங்கல்லா, எங்க தாத்தா இறந்துட்டாங்க, அப்பா சரின்னு சொல்லிட்டாங்க” என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீடு நிறைய ஆட்கள், நல்ல புழுக்கம். தாத்தாவுக்குத் தலைக்கு இரண்டு தலையணை. மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு. ஃபேன் நின்றிருந்தது. துட்டிக்கு வருகிறவர்கள் புழுக்கம் தாங்காமல் போட்டுவிடக் கூடாதே என்று, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஸ்விட்ச் மேல் ஒட்டி வைத்திருந்தாள். பேனாவால் பெரிசாக எழுதியிருந்தது: “ஃபேன் போடாதீங்க. தாத்தா கண்ணு குடுக்கப் போறாங்க.”