சந்தேகங்களுக்கு விளக்கம்: ஹோம்ல இருக்கற பிள்ளையை நான் கூட்டிட்டு வந்து வளர்க்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. இன்னைக்கு அதை மட்டும்தான் எடுத்துக்கறேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க. ஒரு டீச்சரம்மா எழுதியிருக்காங்க. "என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி. பன்னிரண்டு வயசு. வீட்டுக்குள்ளேயே கொடுமை நடந்து, போக்சோவுல கேஸ் ஆகி, இப்ப ஹோம்ல இருக்கா. எங்கிட்ட அவ்வளவு ஒட்டுதலா இருந்தவ, இப்ப போய்ப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. கூட இருக்கற பிள்ளைங்களைக் கடிச்சு வைக்கறாளாம். இவளுக்கு ஹோம் நல்லதா, குடும்பம் நல்லதா? நானே கூட்டிட்டு வந்துடட்டுமா? அன்பு காட்டினா சரியாயிடுவாளா?"

டீச்சர், நீங்க ஊரு, பள்ளிக்கூடம், அவங்க அப்பா பார்க்கற வேலை எல்லாம் எழுதியிருந்தீங்க. அதையெல்லாம் நான் வாசிக்கல. குழந்தையோட அடையாளத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு இளைஞர் நீதிச் சட்டத்துல 74-ஆவது பிரிவே இருக்கு. கமெண்ட்ல யாராவது "இது எங்க ஊர் கேஸ்தானே"ன்னு எழுதினா அழிச்சுடுவேன்.

சட்டத்தைச் சட்டுனு சொல்லி முடிச்சுடறேன். நீங்களா கூட்டிட்டு வர முடியாது. குழந்தைகள் நலக் குழு, நம்ம ஆளுங்க சி.டபிள்யூ.சி.ம்பாங்க, ஒரு தலைவர், நாலு உறுப்பினர், அவங்க உத்தரவு வேணும். 2015-ல வந்த அதே இளைஞர் நீதிச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, காப்பகம்கறது கடைசி வழி. வளர்ப்புப் பராமரிப்புக்கும் அதுல இடம் இருக்கு. அது தத்து இல்லீங்க. சொத்து, இனிஷியல், எதுவும் மாறாது. குழு சொல்ற காலம் வரைக்கும் உங்க வீட்டுல வளரும், அவ்வளவுதான். 2024-ல வந்த புது வழிகாட்டு நெறிமுறையில ஆறு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களைக் கொடுக்கலாம்னு இருக்கு. முப்பத்தஞ்சு வயசு தாண்டினா, கல்யாணம் ஆகாதவங்களும் கேட்கலாம். மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4000 ரூபாய் பிள்ளையோட செலவுக்கு வரும். உங்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் விண்ணப்பம் கேளுங்க. சட்டம் இவ்வளவுதான்.

இனி ஹோமா குடும்பமா. நம்ம சேனலைத் தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியும். தாயை விட்டுப் பிரிச்சு வளர்த்த குரங்குக்குட்டி சோதனை பத்தி முன்னாடி பேசினப்பவும் இதைத்தான் சொன்னேன். கட்டடத்தைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்க. காலையில எழுப்பற முகமும் ராத்திரி போர்வை போர்த்தற முகமும் ஒண்ணா இருக்கா? அடுத்த வருஷமும் அதே முகம் இருக்குமா?

இதுக்கு ருமேனியாவை விட்டா வேற உதாரணம் இல்ல. அந்த நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல கருக்கலைப்பைத் தடை பண்ணினாரு. வளர்க்க வழியில்லாத ஜனங்க பிள்ளைங்களை அரசாங்க விடுதியில விட்டாங்க. 1989-ல அவர் ஆட்சி விழுந்தப்பதான் உள்ள என்ன நடந்துச்சுன்னு உலகம் பார்த்துச்சு. வரிசை வரிசையா தொட்டில், பிள்ளைங்க தானா ஆடிக்கிட்டு இருக்குதுங்க. அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு அழுகையையே விட்டுட்ட பிள்ளைங்க. அப்புறம் 2000-ஐ ஒட்டி நெல்சன், ஃபாக்ஸ், ஸீனான்னு மூணு அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட்ல 136 பிள்ளைங்களை எடுத்து, குலுக்கல் மாதிரி பிரிச்சு, பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் ஏற்பாடு பண்ணினாங்க. நாலரை வயசுல அறிவுத்திறனை அளந்தா, விடுதியிலேயே இருந்த பிள்ளைங்களுக்குச் சராசரி 73, குடும்பத்துக்குப் போனவங்களுக்கு 81. சொந்த வீட்டுல வளர்ந்த பிள்ளைங்களுக்கு 109. ரெண்டு வயசுக்கு முன்னாடி போனதுங்க இன்னும் நல்லா தேறுச்சுங்க.

இந்த 81-ஐ எல்லாரும் மேடைக்கு மேடை சொல்றாங்க. அந்தக் குடும்பங்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்தாங்க, சமூகப் பணியாளர்கள் அடிக்கடி வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினாங்க, அந்தப் பணியாளர்களுக்குப் பின்னாடி மனநல நிபுணர்கள் இருந்தாங்க. இதை யாரும் சொல்றதில்ல. பிள்ளையைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு "நல்லா பார்த்துக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டு வரல அவங்க.

ஆனா டீச்சர், அதெல்லாம் கைவிடப்பட்ட பச்சைக் குழந்தைங்க. உங்க பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு, அவளுக்கு வலி கொடுத்ததே ஒரு குடும்பம்தான். நமக்கு வீடுன்னா நிம்மதி. அவளுக்கு வீடுன்னா ராத்திரி கதவு திறக்கற சத்தம். அதனால நீங்க அன்பு காட்டக் காட்ட அவளுக்குப் பயம்தான் கூடும். முதல் ரெண்டு மூணு வாரம் தங்கமா இருப்பா. "இவளைப் போயா கடிக்கறான்னு சொன்னாங்க"ன்னு நினைப்பீங்க. அப்புறம் ஆரம்பிக்கும்.

வின்னிகாட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், குழந்தைகள் மனநலத்துல பெரிய ஆளு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன், எந்த விடுதியில போட்டாலும் ஓடிடுவான். டாக்டரோட சம்சாரம் அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மூணு மாசம் வச்சிருந்தாங்க. முதல்ல அவன் ஓடறதுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தாங்க. வெளிய கிளம்பறப்ப எல்லாம் கையில ஒரு ஷில்லிங்! எந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல பிடிச்சு வச்சிருந்தாலும் போன் வந்தா போய்க் கூட்டிட்டு வருவாங்க. ஓடறது நின்னுச்சு. நின்ன உடனே வீட்டுக்குள்ள உடைக்க ஆரம்பிச்சான். அப்ப டாக்டர் என்ன பண்ணினாருன்னா, அடிக்கல. தூக்கி வாசலுக்கு வெளிய விட்டுடுவாரு, மழையோ பனியோ. அங்க அவனுக்குன்னே ஒரு மணி. அதை அடிச்சா கதவைத் திறந்து உள்ள விடுவாங்க, நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. நீங்க பனியில நிக்கவைக்கணும்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படிப் புரிஞ்சுக்காதீங்க. அந்த மணியைப் பாருங்க. நீ என்ன பண்ணினாலும் கதவு திறக்கும். அந்தப் பையன் அப்புறம் சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போனான், உடனே உத்தமனா ஆகிடல. ஆனா அவன் வாழ்க்கையில மாறாம நின்ன ஒண்ணு ரெண்டு உறவுல இதுவும் ஒண்ணுன்னு டாக்டரே எழுதியிருக்காரு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா ஒரு பொண்ணை வளர்த்தாங்க. ஒருநாள் ரூம் முழுக்க எறும்பு. போய்ப் பார்த்தா தலையணை உறைக்குள்ள காய்ஞ்ச சப்பாத்தி, நசுங்கின வாழைப்பழம், பிட்டு பிட்டா இட்லி. வயிறு நிறையத்தான் சாப்பிடறா, ஆனா நாளைக்குக் கிடைக்கும்னு நம்பிக்கை இல்ல. அந்த அம்மா திட்டல. ஒரு தூக்குவாளி வாங்கி, முறுக்கும் பொரியுருண்டையும் போட்டு, அவ கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு, "இது உன்னோடது, யாரும் எடுக்கமாட்டாங்க, தீர்ந்தா சொல்லு"ன்னாங்க. தினம் ராத்திரி அந்தப் பொண்ணு மூடியத் திறந்து எண்ணிப் பார்ப்பாளாம். சாப்பிடமாட்டா, எண்ணிட்டு மூடிடுவா. ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் எண்ணாமலே தூங்கிட்டா.

"அப்ப ஹோமே வேண்டாமா சார்"னு கேட்பீங்க. அப்படிச் சொல்லமாட்டேன். தன்னையே அறுத்துக்கற பிள்ளை, மத்த பிள்ளைங்ககிட்டத் தப்பா நடந்துக்கற பிள்ளை, ராத்திரி பூரா அலறற பிள்ளை, இவங்களுக்குக் கொஞ்ச காலம் தங்கி சிகிச்சை எடுக்கற இடம் வேணும். நம்ம ஊர் ஹோம் பெரும்பாலும் அது இல்ல. சோறு, படுக்கை, பள்ளிக்கூடம், எப்பவாவது வந்து போற கவுன்சிலர். நல்லா நடத்தறவங்க இருக்காங்க, இல்லேங்கல. ஆனா ஹோம்னாலே பத்திரம்னு நினைக்கவும் முடியாது. பீகார் முசாபர்பூர் காப்பகத்துல பொண்ணுங்களுக்கு நடந்த பாலியல் கொடுமை, வெளியாளுங்க போய்த் தணிக்கை பண்ணினதாலதான் 2018-ல வெளிச்சத்துக்கு வந்துச்சு.

உண்மையான சிகிச்சை இல்லம் எப்படி இருக்கும்? முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட ஆஸ்திரியாவுல ஐக்ஹார்ன்னு ஒரு வாத்தியார். யாராலும் அடக்க முடியாத பன்னிரண்டு பையன்களை ஒரே கொட்டகையில சேர்த்தாரு. எல்லாம் வீட்டுல அடிபட்டு வளர்ந்ததுங்க. அடிக்காதீங்க, ஒருத்தரை ஒருத்தர் காயப்படுத்தாம மட்டும் பார்த்துக்கங்கன்னு ஊழியர்களுக்கு உத்தரவு. ஜன்னல் கண்ணாடி போச்சு, கதவு போச்சு, மேஜையில சாப்பிடறதே நின்னு, ஆளுக்கொரு மூலையில தட்டோட குந்திக்கிட்டாங்க. அடி விழும், விழும்னு எதிர்பார்த்தாங்க. விழல. கடைசியில ஆத்திரம் வடிஞ்சு, அழுகை வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வளர்ப்பே ஆரம்பிச்சுது. இதுல நான் கவனிக்கறது அந்த ஊழியர்களை. அந்த இரைச்சலுக்கு நடுவுல தினம் நின்னவங்க அவங்கதான். நம்ம ஹோம்ல இருக்கற அக்காமாருக்கு என்ன சம்பளம், எத்தனை பிள்ளைக்கு ஒருத்தர், எத்தனை மாசத்துல வேலையை விட்டுப் போறாங்க? இதை யாராவது எனக்குக் கேள்வியா அனுப்பியிருக்கீங்களா?

டீச்சர், நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "அவ என் வீட்டுக்கு வந்தா எனக்கு யாரு துணை?" உங்க வீட்டுக்காரர் சம்மதமா? உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கு யார் பேசிப் புரிய வைப்பாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு அவ கதவைச் சாத்திக்கிட்டா யாருக்குப் போன் பண்ணுவீங்க? கோர்ட்டுல சாட்சி சொல்ற நாள் வரும், அன்னைக்கு லீவு போட முடியுமா? ஆறாவது மாசம் "என்னால முடியலைங்க"ன்னு திருப்பி அனுப்பினா, அவளுக்கு அது ரெண்டாவது வீடு போன கணக்கு. அதைவிட அவளை உங்ககிட்ட அனுப்பச் சொல்லிக் கேட்காம இருக்கறதே மேல். இப்படிச் சொல்றது கடுமையா இருக்கும், ஆனா வேற மாதிரி சொல்லத் தெரியல.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க. குழுகிட்ட அனுமதி வாங்கி, வாரத்துல ஒரே கிழமை, ஒரே நேரம் போய்ப் பாருங்க. அவ பேசலேன்னா பரவாயில்ல, பக்கத்துல உட்கார்ந்து நோட்டு திருத்துங்க. கேஸ் பத்திக் கேட்கவே கேட்காதீங்க. வரமுடியாத வாரம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க. இதை ஒரு வருஷம் உங்களால விடாம செய்ய முடிஞ்சா, அப்ப விண்ணப்பம் போடுங்க. கவுன்சிலர் யாருன்னு கேட்டு அவங்களையும் ஒரு தடவை பார்த்துடுங்க. அந்தக் கடிக்கறதைப் பத்தி அவங்ககிட்டதான் பேசணும், வார்டன்கிட்ட இல்ல.

பக்கத்து வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சவங்க குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிங்க. போக்சோ குற்றம்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குற்றம். சரி, கோயம்புத்தூர்லேர்ந்து பையன் நகம் கடிக்கறதைப் பத்திக் கேட்ட அப்பா, உங்களுக்கு அடுத்த வாரம்.