கொடியே விடட்டும்

நேயர்களுக்கு வணக்கம். இந்த வெயிலில் பழக்கடைப் பக்கம் போனவர்கள் முலாம்பழக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். கிர்ணிப்பழம் என்றும் சொல்வோமே, அதுதான். முகர்ந்தால் நல்ல வாசம். வீட்டுக்கு வந்து அறுத்தால் பல சமயம் சப்பென்று இருக்கும். வண்டியில் அடிபடாமல் வந்து சேர வேண்டும் என்று முன்னதாகவே பறித்துவிடுகிறார்கள். வீட்டுக் கொடிக்கு அந்த அவசரம் இல்லை. மொட்டைமாடியில் நான் வருஷா வருஷம் முலாம்பழம் போடுவது இதற்காகத்தான்.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். நாத்தனார் ஊரிலிருந்து வருகிறார் என்று, திரண்டிருந்த ஒரு பழத்தைக் காம்போடு வெட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் வீடே மணத்தது. அறுத்துத் தின்றால் வெள்ளரிக்காய்! என் மாமியார் காவிரி மணலில் வெள்ளரியும் முலாமும் போட்ட குடும்பத்தில் பிறந்தவர். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுச் சொன்னார்: "அரிசிக்குள்ள வெச்சா வாசம் வரும் கண்ணு, இனிப்பு வராது. நீ பறிக்காத. கொடியே விடட்டும்."

எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். மாங்காயில், வாழைக்காயில் மாவுச்சத்து இருக்கிறது. பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அப்படிச் சேர்த்துவைத்த மாவுச்சத்து கிடையாது. இலை அனுப்புகிற சர்க்கரைதான் எல்லாம். அதுவும் கடைசி ஒன்றிரண்டு வாரத்தில்தான் வேகமாக ஏறும். காம்பை வெட்டினால் அதோடு சரி. பழுத்த பழத்தில் காம்பைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல் விழும். லேசாகத் தொட்டாலே கையோடு வந்துவிடும். 'உர்வாருகமிவ' என்று மிருத்யுஞ்சய மந்திரத்தில் வருகிறதே, காம்பைவிட்டு வெள்ளரிப்பழம் விடுபடுவதுபோல என்று, அதேதான். வழவழப்பான தோலுள்ள சில ரகங்கள் இப்படி விடாது. வலைபோட்ட தோலுள்ள ரகங்கள் விடும். பந்தலில் ஏற்றியிருந்தால் பழத்துக்குப் பழைய துப்பட்டாவில் ஒரு தூளி கட்டுங்கள். இல்லாவிட்டால் விட்ட பழம் தரையில்தான் கிடக்கும்.

இனிப்பு இலையில் இருந்து வருகிறது என்றேன். அதனால் ஒரு பைக்கு ஒரு செடி, ஒரு செடிக்கு இரண்டு மூன்று பழம், போதும். பழம் திரண்ட பிறகு தண்ணீரைக் குறையுங்கள். இலை வாடாத அளவுக்கு மட்டும். அப்போது தண்ணீர் கூடினால் பழம் வெடிக்கும், ருசியும் நீர்த்துப்போகும்.

தை பிறந்ததும் விதை போடலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ஜீத் கைக்கு அடக்கமான பழம், மாடிக்கு ஏற்றது. முதலில் ஆண் பூவாகப் பூத்து உதிரும், பயப்படாதீர்கள். பக்கக் கிளையில், அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் காய்க்கிற பூ. மாடிக்குத் தேனீ வராவிட்டால், காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, காய்க்கிற பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து, ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று ஒரு விரல் காட்டுகிறார்கள். பூச்சியைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சிவப்பு வண்டுக்குப் பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பல் தூவுங்கள். பழ ஈ பிஞ்சிலேயே முட்டை வைக்கும்; எலுமிச்சை அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மூடிவிடுங்கள். வணக்கம்.