கிராமம் என்றால் எது?

நேயர்களுக்கு வணக்கம்.

எந்த ஊர்த் தாலுகா அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள், எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அரசு கொடுத்த ஆதாரையும் குடும்ப அட்டையையும் சாதிச் சான்றிதழையும் நகலெடுத்து, அதே அரசிடம் கொடுக்க அங்கே வரிசையில் நிற்கிறோம். ஒரு துறைக்குத் தெரிந்தது அடுத்த துறைக்குத் தெரிவதில்லை. கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. துறைகளை இணைக்கும் வேலையை இன்று செய்கிறவர் அவர்தான்.

அந்த வேலையை முறையாகத் திட்டமிடுவதைத்தான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறார்கள். நிறுவனக் கட்டமைப்பு என்று தமிழில் சொல்லலாம். எந்தத் தகவல் எந்தப் பதிவேட்டில் பிறக்கிறது, அதை யார் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று எழுதிவைத்து, எல்லாத் துறைகளும் அதன்படி நடப்பது. கணினி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கடைசி வாக்கியத்தை இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வி, "எத்தனை கணினி வேண்டும்?" என்பதுதான்.

ஒரு கதை சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில், இரண்டு துறைகளின் கிராமப் பட்டியல்களை ஒன்றாக்கித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஒரு வாரத்து வேலை என்று ஒப்புக்கொண்டேன். கிராமம் என்றால் கிராமம்தானே? இல்லை. வருவாய்த் துறையின் கிராமம் வேறு, ஊரக வளர்ச்சித் துறையின் கிராமம், அதாவது ஊராட்சி, வேறு. தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமங்கள் 16,000-க்கும் மேல். ஊராட்சிகளோ 12,500-ஐ ஒட்டித்தான். ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். சில இடங்களில் ஒரே வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து கிடக்கும். சுகாதாரத் துறைக்குத் துணை சுகாதார நிலையத்தின் எல்லை, மின் வாரியத்துக்குப் பிரிவு அலுவலகத்தின் எல்லை. ஊர்க்காரரைக் கேட்டால் அவர் மாரியம்மன் கோவில் எல்லையைச் சொல்வார். உண்மையில் அதுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது!

மூன்றாவது வாரம் திண்டாடிக்கொண்டிருந்தபோது ஒரு மூத்த எழுத்தர் பக்கத்தில் வந்து நின்றார். "சார், இதைப் பாருங்கள்" என்று சிவப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை நீட்டினார். எந்தக் கிராமம் எந்த ஊராட்சியில், எந்தக் குக்கிராமத்துக்கு எந்த மறுபெயர் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். "யார் எழுதச் சொன்னார்கள் ஐயா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லவில்லை சார். அடிக்கடி கேட்கிறார்கள், எனக்கே மறந்துபோகிறது" என்றார். அந்த மாவட்டத்தின் நிறுவனக் கட்டமைப்பு அந்த நோட்டுதான். இரண்டு மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார். நோட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது. அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டில் அது ஏறியிருக்கவில்லையே.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்து சரியா தவறா என்று எல்லோரும் விவாதித்தார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. ஊரைப் பெயரால் மட்டுமே அடையாளம் காணும் மென்பொருள் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனையும் மறுநாள் காலையில் என்ன ஆகும்? ஊருக்கு ஒரு மாறாத எண் இருந்தால், பெயரை எப்படி எழுதினாலும் கவலையில்லை.

தனியார் கம்பெனியில் முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பதிவேடுகள் ஒன்றாகிவிடும். அரசில் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. பத்திரப் பதிவுக்கு 1908-ஆம் ஆண்டுச் சட்டம், பட்டா பாஸ் புத்தகத்துக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டம். பணமும் துறைவாரியான மானியக் கோரிக்கையில்தான், அதாவது ஒவ்வொரு துறையும் தனக்கென்று சட்டமன்றத்தில் கேட்கும் நிதியில்தான், வருகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பதிவேட்டுக்கு எந்தக் கோரிக்கை எண்? ஆர்வமுள்ள செயலர் ஒருவர் தலையிட்டு வேலை நகரத் தொடங்கும்போது அவருக்கு மாறுதல் ஆணை வரும். அடுத்தவர் முதலிலிருந்து கேட்பார், "எத்தனை கணினி வேண்டும்?"

நடந்திருக்கிற இடமும் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 மென்பொருளும் வருவாய்த் துறையின் நில ஆவண மென்பொருளான தமிழ்நிலமும் இணைக்கப்பட்டன. உட்பிரிவு, அதாவது நிலத்தைத் துண்டாகப் பிரித்து அளப்பது, தேவைப்படாத நிலமாக இருந்தால், பத்திரம் பதிவான பிறகு பட்டா தானாகவே மாறிவிடும் ஏற்பாடு வந்திருக்கிறது. உட்பிரிவு என்றால் நில அளவர் சங்கிலியோடு வந்தாக வேண்டும், அங்கே பழைய கதைதான்.

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்கா 1996-இல் கிளிங்கர்–கோஹன் சட்டம் போட்டது. துறைகளுக்குத் தலைமைத் தகவல் அலுவலரை வைத்து, கட்டமைப்பைப் பேணுவதை அவர் பொறுப்பாக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2012-இலும் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு, இதனால் விளைந்த பயனைப் பல துறைகள் அளக்கவே இல்லை என்றுதான் எழுதியது. ஆவணங்கள் அலமாரியில் அடுக்கப்பட்டதும் திட்டம் நிறைவேறிவிட்டது என்று நினைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையத்து நண்பர், இரண்டு நிமிடம்தான் மீதி என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். எஸ்தோனியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் துறைகளின் கணினிகளுக்கு இடையே எக்ஸ்-ரோடு என்ற பொதுத் தடத்தை அமைத்தார்கள். பதிவேடுகள் அந்தந்தத் துறையிடமே இருக்கும், கேள்வியும் பதிலும் மட்டும் அதன் வழியே போகும். ஒரே தகவலைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் தொடங்குவதைச் சட்டமே தடுக்கிறது. அங்கே ஜெராக்ஸ் கடை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நான் போனதில்லை.

நம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் இண்டீயா (IndEA, இந்திய நிறுவனக் கட்டமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் ஒரு சட்டகம் வகுத்திருக்கிறது. அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கித்தான் வந்தேன். கிராமம் அதைத் தின்றுவிட்டது. வணக்கம்.