பாதி திறந்த வால்வு

வணக்கம் நேயர்களே. குழாயில் ஓடும் நீரை அடைப்பது ஒரு வேலை, அளவாக விடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே வால்வு போதும் என்று நினைக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

கேட் வால்வை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஆப்பு வடிவில் ஓர் உலோகத் தகடு. கைச்சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது மேலேறும். முழுக்க ஏறிவிட்டால் நீர்ப்பாதையில் தடையே இருக்காது. அதையே பாதியில் நிறுத்தினால்? தகட்டுக்குக் கீழுள்ள இடுக்கில் நீர் சீறிப் பாயும், தகடு அதிரும். நாளடைவில் அதன் விளிம்பும், அது போய் உட்காரும் சீட்டும் அரித்துப்போகும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. பழியோ, வால்வு செய்தவர் தலையில் விழும்!

பால் வால்வில் (ball, அதாவது பந்து) துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. 90 டிகிரி திருப்பினால் போதும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. எட்ட நின்றே சொல்லிவிடலாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் இதையும் பாதி திறந்து வைக்கக் கூடாது. உருண்டையைத் தாங்கும் டெஃப்லான் வளையங்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கெடும்.

அளவாக விடுவதற்கென்றே இருப்பது குளோப் வால்வு. இதில் நீர் வளைந்து மேலேறி, ஒரு வட்டத் துளையைக் கடந்து, மறுபடி வளைந்து வெளியேறும். துளைக்கு நேர் மேலே வட்டு. அதைச் சற்றே ஏற்றி இறக்கினால் நீரின் அளவு சீராக மாறும். இத்தனை வளைவுகள் இருப்பதால், முழுக்கத் திறந்தாலும் கொஞ்சம் அழுத்தம் வீணாகத்தான் செய்யும். மாட்டும்போது வால்வின் உடம்பில் பொறித்த, நீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும்.

சரி, மூடும் வேகத்துக்கு வருவோம். ஓடுகிற நீரைப் படாரென்று நிறுத்தினால் குழாய் அதிர்ந்து 'டம்'மென்று சத்தம் கேட்கும். நிகோலாய் ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மாஸ்கோ நகரக் குழாய்களில் இதை ஆராய்ந்து, 1898-ல் கணக்கோடு விளக்கினார். நீளமான எஃகுக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், அழுத்தம் 10 பாருக்கு (bar; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் எகிறும். இணைப்பு பிய்த்துக்கொள்ள அது போதும்.

கால் சுற்றில் மூடும் பால் வால்வில்தான் இந்த ஆபத்து அதிகம். கைப்பிடியை மெதுவாகத் திருப்புங்கள். பெரிய வால்வுகளில் கியர் பெட்டி இருக்கும். கைக்குச் சுலபம் என்பதோடு, அவசரப்பட்டு மூட நினைத்தாலும் அது விடாது.