கிராஸ் என்ற சொல்லும் என் அத்தையும்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மணி அடிக்காமல் பொறுத்துக்கொள்வதாக வாக்களித்த தலைமையாசிரியர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இன்று நான் ஏந்தி வந்திருக்கும் ஆயுதமும் புல்தான். ஆங்கிலத்தில் புல்லையும் புல்தரையையும் குறிக்கும் கிராஸ், டர்ஃப் ஆகிய இரண்டு சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கிராஸ், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். ஜெர்மன்காரர்களும் இன்றுவரை புல்லை 'கிராஸ்' என்றே சொல்கிறார்கள். வளர்வதைச் சொல்லும் 'குரோ', பச்சையைச் சொல்லும் 'கிரீன்' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். மூன்றுக்கும் வேர் ஒன்று என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. நம் வள்ளுவரும் 'பசும்புல்' என்று பச்சையோடு சேர்த்தே புல்லைச் சொன்னார்.

சொற்களுக்குள் இப்படி உறவு உண்டு என்று எனக்கு முதலில் உணர்த்தியவர் என் அத்தை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள், வரப்பில் குத்தவைத்துப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கணுவுக்குக் கணு வேர்விட்ட அருகம்புல், மண்ணோடு பிய்ந்து வந்தது. "ஏய்யா மருமவனே, இதுக்கு இங்கிலீசுல என்ன பேரு?" என்றார். "கிராஸ் அத்தை." "மாடு மேயிறதுக்கு?" "கிரேஸ்." அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அட, ரெண்டும் ஒண்ணுதானய்யா! புல்லு இருந்தாத்தானே மேய்ச்சல்!" பல வருடம் கழித்து அகராதியைப் புரட்டினேன். புல்லிலிருந்துதான் மேய்வதற்கான அந்தச் சொல் பிறந்தது என்று போட்டிருந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். என் அத்தைக்கு அது அகராதி.

டர்ஃப் நம் சடங்குகளில் விரலில் மாட்டும் தர்ப்பைக்குத் தூரத்து உறவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அத்தை சொன்ன மேய்ச்சல் இன்று எங்கே? மாடு நுனியைக் கடித்தால் புல் சாவதில்லை. அடிப்பகுதியிலிருந்து மறுபடி வளரும். வேலி போட்டுக் கட்டடம் எழுப்பினால்தான் சாகும். நம் ஊர் மந்தைவெளியில் பாதி அப்படித்தான் போனது. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பித்தர வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று, ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊராட்சித் தலைவர் அவர்களே, உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவாருங்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்; நமக்கோ புல்லைக் காக்கச் சட்டமே ஆயுதமாக இருக்கிறது.

தாய்மார்களே, மனுவை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்தோ கைநாட்டோ, வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.